புட்டுக் குழலும் சிக்கிய தோட்டாக் கூடும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, அம்மா கழுவி அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்களில் இரண்டு ஒன்றுக்குள் ஒன்று போய் இறுகிக்கொண்டன. அப்பா இழுத்துப் பார்த்தார். நான் துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. “அறிவியல் வாத்தியார்னு பேரு, ஒரு டம்ளரைப் பிரிக்கத் தெரியலையே!” என்று அம்மா சொன்ன பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. உள் டம்ளரில் ஐஸ் தண்ணீரை ஊற்றினேன். வெளி டம்ளரை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தேன். அரை நிமிடம் கழித்து லேசாகத் திருப்பியதும் கழன்று வந்துவிட்டது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா சிரித்தார். “இதே மாதிரிதான்டா எங்க துப்பாக்கியிலும் ஒரு தடவை சிக்கிச்சு” என்று ஆரம்பித்தார். அவர் தேசிய சேவை செய்தது 1980களில். அப்போது வீரர்கள் கையில் இருந்தது சிங்கப்பூரிலேயே உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்ட எம்16எஸ்1 துப்பாக்கி. சுடும் பயிற்சியின் நடுவே அவருடைய துப்பாக்கி நின்றுவிட்டது. சுட்டு முடிந்த தோட்டாவின் காலிக் கூடு உள்ளேயே மாட்டிக்கொண்டது. கைப்பிடியை எத்தனை முறை பின்னால் இழுத்தும் அது வரவில்லை. பயிற்சி கொடுத்த சார்ஜன்ட் துப்பாக்கியை வாங்கினார். தோட்டாப் பெட்டியைக் கழற்றினார். உள்ளே இருப்பது காலிக் கூடுதான் என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு துப்புரவுக் கம்பியின் துண்டுகளை ஒன்றோடொன்று திருகி, குழலின் முன்வாய் வழியாக உள்ளே விட்டு இரண்டு தட்டுத் தட்டினார். கூடு ‘டக்’கென்று பின்பக்கமாக விழுந்தது.

“பின்னாலிருந்து அவ்வளவு பலமாக இழுத்தும் வராதது, முன்னாலிருந்து ஒரு மெல்லிய கம்பியால் தட்டினதும் எப்படிடா வந்தது? நாற்பது வருஷமா யோசிக்கிறேன்” என்றார் சித்தப்பா.

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல உங்கள் உயர்நிலை இயற்பியல் பாடத்தில் உள்ள அழுத்தம், மீள்தன்மை, உராய்வு, வெப்ப விரிவு ஆகிய நான்கும் போதும். அந்தப் பதிலுக்குள் ஒரு பெரிய துயரக் கதையும் இருக்கிறது. 1960களில் வியட்நாமில் பல இளைஞர்கள் சிக்கிக்கொண்ட ஒரு பித்தளைக் கூட்டினால் உயிரிழந்தார்கள்.

தேசிய மாணவர் படையில் இருப்பவர்களுக்கு மட்டும் முதலில் ஒரு வார்த்தை. சிக்கிய துப்பாக்கியைச் சரிசெய்வது பயிற்றுநரின் வேலை. உங்கள் வேலை கையை உயர்த்தி அவரைக் கூப்பிடுவது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

விரிவதும் சுருங்குவதும்

தோட்டா என்று நாம் சொல்வது நான்கு பொருள்கள் சேர்ந்த ஒரு பொட்டலம். முனையில் குண்டு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பித்தளைக் கூடு, கூட்டுக்குள் வெடிமருந்து, கூட்டின் அடியில் தட்டினால் தீப்பற்றும் ஒரு சிறு குப்பி. சுடும்போது வெளியே பறப்பது குண்டு மட்டும்தான். கூடு குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறையில் அப்படியே இருக்கும். அடுத்த தோட்டா உள்ளே வர வேண்டுமானால் பழைய கூடு வெளியேற வேண்டும். போல்ட்டின் முகத்தில் உள்ள ஒரு சிறு கொக்கி கூட்டின் அடி விளிம்பைக் கவ்விப் பின்னால் இழுத்து வெளியே எறியும். எம்16 போன்ற துப்பாக்கியில் இது ஒரு விநாடிக்குள் பத்து முறைக்கு மேல்கூட நடக்கும்.

இப்போது கூட்டுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மருந்து எரியும்போது உருவாகும் வாயுவின் உச்ச அழுத்தம் எம்16 தோட்டாவில் சுமார் 360 மெகாபாஸ்கல். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 0.1 மெகாபாஸ்கல். ஆக, இது 3,600 மடங்கு. உலகின் ஆகப் பெரிய கடல் ஆழமான மரியானா அகழியின் அடியில் உள்ள அழுத்தத்தைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். கைவிரலைவிட மெல்லிய ஒரு பித்தளைக் குப்பியின் சுவர் இதைத் தனியாகத் தாங்கவே முடியாது. அதனால் அது பலூன்போல் உப்பி, சுற்றியுள்ள எஃகு அறையின் சுவரில் அழுத்தமாக ஒட்டிக்கொள்கிறது. பாரத்தைச் சுமப்பது எஃகு. பித்தளை செய்யும் வேலை, இடைவெளியை அடைத்து, வாயு பின்னால் சுடுபவரின் முகத்துக்கு வராமல் தடுப்பது.

குண்டு குழலை விட்டு வெளியேறியதும் அழுத்தம் சடாரென்று விழுகிறது. இப்போது பித்தளை, தான் உப்பியதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சற்றே சுருங்கி, அறைச் சுவரிலிருந்து விலகி, ஒரு மெல்லிய இடைவெளியை உண்டாக்க வேண்டும். அந்த இடைவெளி கிடைத்தால் கொக்கி சுலபமாக இழுத்துவிடும். கிடைக்காவிட்டால் கூடு சிக்கிக்கொள்ளும்.

எவ்வளவு இடைவெளி? இங்கேதான் ஹூக் விதி உதவிக்கு வருகிறது. ஓர் உலோகத்தை அதன் மீள் எல்லைக்குள் இழுத்தால், விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பும். எல்லையைத் தாண்டி இழுத்தால், தாண்டிய பகுதி நிரந்தரமாகத் தங்கிவிடும். எல்லைக்குள் இருந்த பகுதி மட்டும் திரும்பும். ரப்பர் பேண்டையும் செப்புக் கம்பியையும் இழுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். ஓர் உலோகம் எவ்வளவு திரும்பும் என்பதைக் கண்டுபிடிக்க, அது வளைந்து கொடுக்கத் தொடங்கும் தகைவை யங் குணகத்தால் வகுத்தால் போதும்.

தோட்டாக் கூட்டுக்குப் பயன்படும் பித்தளையில் 70 விழுக்காடு செம்பு, 30 விழுக்காடு துத்தநாகம். அடித்து இழுத்துக் கடினமாக்கிய நிலையில் அதன் தகைவு எல்லை தோராயமாக 400 மெகாபாஸ்கல். யங் குணகம் சுமார் 110,000 மெகாபாஸ்கல். வகுத்தால் 0.0036, அதாவது 0.36 விழுக்காடு. கூட்டின் விட்டம் 10 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது 0.036 மில்லிமீட்டர் சுருங்கும். ஒரு தலைமுடியின் தடிமனில் பாதி!

துத்தநாகம் சேர்க்காத மென்மையான செம்பைப் பாருங்கள். அதன் யங் குணகம் பித்தளைக்குக் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் தகைவு எல்லை 70 மெகாபாஸ்கல் அளவில்தான் இருக்கும். கணக்கிட்டால் மீட்சி 0.006 மில்லிமீட்டர். பித்தளையில் கிடைத்ததில் ஆறில் ஒரு பங்கு. செம்பு உப்பிவிட்டு அப்படியே கிடக்கும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. எஃகு அறையும் அந்த அழுத்தத்தில் கொஞ்சம் விரிந்து, பிறகு முழுதாகப் பழைய அளவுக்குத் திரும்புகிறது. எஃகு திரும்பும் தூரத்தைவிடப் பித்தளை திரும்பும் தூரம் அதிகமாக இருந்தால்தான் இடைவெளி கிடைக்கும். தோட்டாவின் அழுத்தம் வரம்பை மீறினால் எஃகு கூடுதலாக விரிந்து, கூடுதலாகத் திரும்பி, கூட்டை வெளியிலிருந்து நெரித்துப் பிடித்துக்கொள்ளும். என் வீட்டு டம்ளர்களில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். வெளி டம்ளர் உள் டம்ளரை நெரித்தது.

பழி யார்மீது?

செம்புக் கூட்டைப் பற்றிச் சொன்னதும் அமெரிக்க வரலாறு படித்தவர்களுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வரும். 1876 ஜூன் 25ஆம் தேதி, மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில், லகோட்டா, செயென் மக்களின் வீரர்கள் கஸ்டரின் தலைமையில் வந்த குதிரைப் படையை முறியடித்தார்கள். கஸ்டருடன் நேரடியாகச் சென்ற ஐந்து அணிகளில் எவரும் உயிர் தப்பவில்லை. அந்தப் படையினர் வைத்திருந்தது 1873ஆம் ஆண்டு மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன். அதன் தோட்டாக் கூடு செம்பு. ‘கூடுகள் சிக்கிக்கொண்டன, அதனால்தான் தோற்றார்கள்’ என்ற கதை வேகமாகப் பரவியது.

நாம் மேலே போட்ட கணக்கு இந்தக் கதைக்கு ஒத்துப்போகிறது, இல்லையா? அதனால்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இயற்பியல் ‘இப்படி நடக்கக்கூடும்’ என்று மட்டுமே சொல்கிறது. எத்தனை முறை நடந்தது என்பதை ஆதாரம்தான் சொல்ல வேண்டும். அதே போரில் வேறொரு குன்றில் தாக்குப்பிடித்து உயிர் தப்பிய மேஜர் ரீனோ, தன் கீழ் இருந்த 380 கார்பைன்களில் 6 மட்டுமே கூடு கழலாத கோளாறால் பயனற்றுப் போயின என்று மேலிடத்துக்கு எழுதினார். 1983இல் அந்தப் புல்வெளி தீயில் எரிந்து தரை வெளிப்பட்டபோது தொல்லியல் அறிஞர்கள் அங்கே அகழாய்வு செய்தார்கள். கிடைத்த கூடுகளில் கத்தியால் நெம்பிய கீறல் இருந்தவை வெகு சில. கோளாறு உண்மை. தோல்விக்கு அது காரணம் என்பதற்குத்தான் ஆதாரம் போதவில்லை. எதிரே இருந்தவர்கள் எண்ணிக்கையிலும் திறமையிலும் மிஞ்சியிருந்தார்கள் என்று ஒப்புக்கொள்வதைவிடச் செம்பைப் பழிப்பது சிலருக்குச் சுலபமாக இருந்திருக்கும். இது என் சொந்தக் கருத்து.

எப்படியோ, அமெரிக்க ராணுவம் பின்னாளில் செம்பை விட்டுப் பித்தளைக்கு மாறியது.

வியட்நாமில் மாறியது எது?

அடுத்த கதையில் கூடு நல்ல பித்தளைதான். ஆனாலும் சிக்கியது.

யூஜின் ஸ்டோனர் என்ற பொறியாளர் வடிவமைத்த ஏஆர்-15 என்ற இலகுவான துப்பாக்கியைத்தான் அமெரிக்கப் படை எம்16 என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது. சோதனைகளில் அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் 1966, 1967ஆம் ஆண்டுகளில் வியட்நாமில் இருந்த வீரர்களுக்கு அது பெருமளவில் வழங்கப்பட்டபோது, சண்டையின் நடுவே கூடுகள் அறையில் சிக்கத் தொடங்கின. 1967 வசந்தத்தில் கே சானை அடுத்த குன்றுகளில் நடந்த சண்டைக்குப் பிறகு வீரர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் செய்தித்தாள்களில் வெளிவந்தன. இறந்து கிடந்த நண்பர்கள் சிலரின் பக்கத்தில் துப்பாக்கி பிரித்துப் போடப்பட்டுக் கிடந்தது என்று அவை சொல்லின. கூட்டை வெளியே எடுக்க முயன்றுகொண்டிருந்தபோதே அவர்கள் கொல்லப்பட்டார்கள்.

ஆய்வகத்தில் பரிசோதனை செய்யும்போது ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும் என்று உங்களிடம் ஓயாமல் சொல்கிறோம். இங்கே சோதனைக்கும் போர்க்களத்துக்கும் இடையில் குறைந்தது மூன்று மாறிகள் மாறியிருந்தன.

முதலாவது மருந்து. ஸ்டோனரின் துப்பாக்கி, சிறு குழாய்த் துண்டுகளைப் போன்ற ஒருவகை மருந்துக்காக வடிவமைக்கப்பட்டது. 1964இல் ராணுவம் அதை விட்டு உருண்டை வடிவ மருந்துக்கு மாறியது. இதைச் சும்மா செய்யவில்லை. குண்டின் வேகமும் குறையக் கூடாது, அழுத்தமும் வரம்பை மீறக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளையும் பழைய மருந்தைப் பெருமளவில் தயாரிக்கும்போது நிறைவேற்ற முடியவில்லை. புதிய மருந்தில் அது முடிந்தது. ஆனால் அது எரியும் விதம் வேறு. குழலின் நடுவழியில் உள்ள ஒரு சிறு துளை வழியாகக் கொஞ்சம் வாயுவை எடுத்துத்தான் எம்16 தன் போல்ட்டைப் பின்னால் தள்ளுகிறது. புதிய மருந்தில் அந்தத் துளைக்கு வரும் அழுத்தம் கூடிவிட்டது. போல்ட் வேகமாக ஓடியது. நிமிடத்துக்கு 850 சுடுகளைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. அது 1,000ஐ நெருங்கியது.

850க்கும் 1,000க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று கணக்கிடுங்கள். 60ஐ 850ஆல் வகுத்தால் 0.071 விநாடி. 1,000ஆல் வகுத்தால் 0.060 விநாடி. கைதட்டும் நேரத்தைவிடக் குறைவான வித்தியாசம். ஆனால் போல்ட் முன்கூட்டியே திறக்கும்போது குழலுக்குள் வாயு அழுத்தம் இன்னும் முழுதாக வடிந்திருக்காது. அந்த மிச்ச அழுத்தம் கூட்டைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அதற்கும் ஒரு தோராயக் கணக்கு போடுவோம். கூட்டின் உடல் 9.5 மில்லிமீட்டர் விட்டமும் 35 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஓர் உருளை என்று கொள்வோம். பக்கப் பரப்பு சுமார் 1,045 சதுர மில்லிமீட்டர். மிச்ச அழுத்தம் வெறும் 1 மெகாபாஸ்கல் என்றாலும் கூடு சுவரை அழுத்தும் விசை சுமார் 1,045 நியூட்டன். பித்தளைக்கும் எஃகுக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.2 என்று எடுத்தால், கூட்டை நகர்த்த ஏறத்தாழ 200 நியூட்டன் தேவை. 10 கிலோ அரிசிப் பை இரண்டைத் தூக்கும் விசை அது. மிச்ச அழுத்தம் 5 மெகாபாஸ்கல் என்றால் பத்துப் பைகள்! கூட்டின் சுவர் தானே ஒரு பங்கைத் தாங்கும் என்பதால் உண்மையில் இது சற்றுக் குறையும். இருந்தாலும் அத்தனை பாரமும் விளிம்பில் ஓர் ஓரத்தை மட்டும் கவ்வியிருக்கும் அந்தச் சிறு கொக்கியின்மேல் விழுகிறது. கொக்கி வழுக்கிவிடும். அல்லது பித்தளை விளிம்பைப் பிய்த்துக்கொண்டு தான் மட்டும் பின்னால் போய்விடும். கூடு உள்ளேயே நிற்கும்.

உருண்டை மருந்தில் இன்னொரு சங்கடமும் இருந்தது. அதில் தங்கும் அமிலத்தை முறிக்கக் கால்சியம் கார்பனேட் சேர்க்கப்பட்டது. சுண்ணாம்புக்கல்லில் உள்ள அதே பொருள். அமிலத்தை அது முறித்தது உண்மைதான், ஆனால் வாயுக் குழாயிலும் போல்ட்டிலும் படிந்து அழுக்காகச் சேர்ந்தது. அதன் அளவைப் பின்னாளில் குறைத்தார்கள்.

இரண்டாவது மாறி, பருவநிலை. நம் வீவக வீட்டின் இரும்புக் கதவு எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வியட்நாமின் மழைக்காடும் அப்படித்தான். எம்16இன் தோட்டா அறையில் குரோமியப் பூச்சு இல்லை. வெறும் எஃகு. ஈரத்தில் அதன் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத சிறு துருக்குழிகள் விழுந்தன. 360 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் பித்தளை அந்தக் குழிகளுக்குள் பிதுங்கிப் புகுந்துகொள்ளும். அதன் பிறகு அது வெறும் உராய்வு அல்ல. நூற்றுக்கணக்கான குட்டிப் பூட்டுகள் போட்டது போல் ஆகிவிடும்.

இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. குரோமியம் புதிய கண்டுபிடிப்பு அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது மலாயா உள்ளிட்ட வெப்பமண்டல நாடுகளில் போரிட்ட ஜப்பானியப் படையின் 99ஆம் வகை துப்பாக்கிகளின் குழல்களிலேயே குரோமியப் பூச்சு இருந்தது. எம்16க்கு முன்பு அமெரிக்கப் படையே பயன்படுத்திய எம்14இலும் இருந்தது. தெரிந்த பாடத்தைப் புதிய துப்பாக்கிக்குக் கொண்டுபோகவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, பராமரிப்பு. இந்தப் புதிய துப்பாக்கிக்கு அதிகம் சுத்தம் செய்யத் தேவையில்லை என்ற எண்ணம் பரவியிருந்தது. துப்புரவுக் கம்பியும் தூரிகையும் எல்லாருக்கும் போதுமான அளவில் அனுப்பப்படவில்லை. அறையைச் சுத்தம் செய்ய வழியில்லை. கூடு சிக்கினால் தட்டி எடுக்கவும் வழியில்லை. ஓர் அணியில் ஒருவரிடம் கம்பி இருந்தால் அது எல்லாரிடமும் சுற்றும். கம்பி கிடைத்தவர்கள் துண்டுகளை முன்கூட்டியே திருகி முழுக் கம்பியாக்கித் துப்பாக்கியின் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிவைத்துக்கொண்டார்கள்.

1967 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றம் இக்கார்ட் என்ற உறுப்பினரின் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. அக்டோபரில் வந்த அறிக்கை, தோட்டாவில் இருந்த குறையைத் திருத்த அதிகாரம் பெற்றவர்கள் நடவடிக்கை எடுக்காமல் இருந்ததைக் குற்றத்தை நெருங்கும் அலட்சியம் என்ற அளவுக்குக் கண்டித்தது. அதற்குள் திருத்தங்கள் தொடங்கியிருந்தன. அறைக்குக் குரோமியப் பூச்சு வந்தது. போல்ட்டின் வேகத்தைக் குறைக்க, அதன் பின்னால் இருந்த தாங்கி கனமாக்கப்பட்டது. துப்புரவுப் பொருள்கள் அனுப்பப்பட்டன. 1968இல் புகழ்பெற்ற சித்திரக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னரை வைத்துத் துப்பாக்கியைப் பராமரிப்பது எப்படி என்று ஒரு வண்ணச் சித்திரக்கதைப் புத்தகமே போட்டு வீரர்களிடம் கொடுத்தார்கள். பாடப் புத்தகம் தடியாக இருந்தால்தான் மதிப்பு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குரோமியம் கடினமானது, துருப்பிடிக்காது, வழவழப்பானது. குழி விழாததால் பித்தளை பிதுங்கிப் புக இடமில்லை. உராய்வும் குறைந்தது. தலைமுடியைவிட மெல்லிய ஒரு பூச்சு செய்த வேலை அது.

புட்டை யாரும் மேலிருந்து இழுப்பதில்லை

இனி சித்தப்பாவின் கேள்விக்கு வருவோம். இழுத்து வராதது தள்ளி எப்படி வந்தது?

வீட்டில் புட்டு அவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாவு குழலுக்குள் வெந்து இறுகியிருக்கும். அதை எப்படி வெளியே எடுக்கிறோம்? முன்பக்கத்தில் தெரியும் புட்டைக் கரண்டியால் கவ்வி இழுத்தால் அந்த ஓரம் மட்டும் பிய்ந்து வரும். அதனால் குழலின் மறுமுனையில் ஒரு குச்சியை விட்டு, அடியில் உள்ள ஓட்டைத் தட்டைத் தள்ளுகிறோம். தட்டு மொத்தப் புட்டையும் சமமாகத் தள்ளுகிறது. புட்டு உடையாமல் தட்டில் வந்து விழுகிறது.

தோட்டாக் கூட்டிலும் அதே கதைதான். கொக்கி பிடிப்பது விளிம்பின் ஓர் ஓரத்தை. விசை நடு அச்சில் இல்லாமல் ஒரு பக்கமாக இழுக்கிறது. கூடு சற்றே சாய்ந்து மறுபக்கச் சுவரில் மேலும் இறுகலாம். துப்புரவுக் கம்பியோ குழலின் முன்வாயில் நுழைந்து, திறந்திருக்கும் கூட்டின் வாய் வழியாகப் போய், அதன் அடித்தட்டின் உட்புறத்தில் முட்டுகிறது. கூட்டிலேயே ஆகத் தடிமனான, வலுவான பகுதி அந்த அடித்தட்டுதான். விசை நேராக நடு அச்சு வழியாகப் போகிறது. பிய்வதற்கு எதுவும் இல்லை.

நேரமும் ஒரு காரணம். கொக்கி இழுத்தபோது வாயு அழுத்தம் மிச்சமிருந்தது. சார்ஜன்ட் கம்பியை எடுத்துத் திருகி முடிப்பதற்குள் அது முழுதாக வடிந்துவிட்டது. கூடும் ஆறிக்கொண்டிருந்தது. பித்தளையின் வெப்ப விரிவுக் குணகம் எஃகைவிட அதிகம், ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் பத்து லட்சத்தில் சுமார் 19 பங்கு. எஃகுக்கு சுமார் 12. இரண்டும் சேர்ந்து 100 பாகை ஆறினால், 9.5 மில்லிமீட்டர் விட்டத்தில் பித்தளை எஃகைவிட 0.0067 மில்லிமீட்டர் கூடுதலாகச் சுருங்கும். சிறிய எண்தான். ஆனால் நாம் பேசிக்கொண்டிருக்கும் இடைவெளியே 0.03 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்போது அதுவும் கணக்கில் வரும்.

தட்டுவதற்கும் தனிப் பலன் உண்டு. நிற்கும் பொருளை நகரத் தொடங்கச் செய்ய வேண்டிய விசை, நகரும் பொருளைத் தொடர்ந்து நகர்த்தும் விசையைவிட அதிகம். ஒரு தட்டில் கூடு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும். கூட்டின் வடிவம் பின்னால் அகன்று முன்னால் குறுகும் மெல்லிய கூம்பு என்பதால், கொஞ்சம் பின்னால் நகர்ந்ததும் சுற்றிலும் சுவரிலிருந்து விலகிவிடும். டம்ளரும் அப்படித்தான். நேர்ச்சுவர் உள்ள குப்பி இரண்டு சிக்கினால் கடைசி வரை மல்லுக்கட்ட வேண்டும். சரிந்த சுவர் உள்ள டம்ளர் ஒரு முறை அசைந்தால் கையோடு வந்துவிடும். ரஷ்யர்களின் ஏகே-47 தோட்டாக் கூடு எம்16இன் கூட்டைவிட நன்றாகவே சரிந்திருக்கும். அதற்கான தோட்டாப் பெட்டி வாழைப்பழம்போல் வளைந்திருப்பதற்கும் அந்தச் சரிவுதான் காரணம். சரிந்த தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரிசை தானாக வளையும்.

கம்பி உதவாத ஒரு நிலையும் உண்டு. கொக்கி பலமாக இழுத்துக் கூட்டின் அடிப்பகுதி மட்டும் பிய்ந்து வந்துவிட்டால், அறைக்குள் இருபுறமும் திறந்த ஒரு பித்தளை வளையம் தங்கிவிடும். ரீனோ எழுதிய ஆறு கார்பைன்களில் நடந்தது இதுதான். அடித்தட்டு இல்லாததால் கம்பி முட்ட ஒன்றும் இல்லை. நேராக ஊடுருவிப் போய்விடும். அதற்கு வேறொரு கருவி இருக்கிறது. பார்வைக்கு ஒரு சிறு தோட்டாவைப் போலிருக்கும். அதை அறைக்குள் செருகினால் வளையத்தைத் தாண்டிப் போய், அதன் முன் ஓரத்தை உள்ளிருந்து பற்றிக்கொள்ளும். பிறகு போல்ட்டை இழுத்தால் கருவியோடு வளையமும் வரும். தள்ளுவதற்கு அடி இல்லாதபோது, இழுப்பதற்கு மறுமுனையைப் பிடித்துக்கொள்கிறது.

மாணவர் படையினருக்கு நான் பிறகு சொல்கிறேன் என்ற காரணம் இதுதான். கம்பியால் தள்ளுவது காலிக் கூட்டுக்கு மட்டுமே சரி. உள்ளே சிக்கியிருப்பது சுடாத முழுத் தோட்டாவாக இருந்தால் கம்பி அடித்தட்டில் முட்டாது, குண்டின் முனையில் முட்டும். தட்டினால் குண்டு மருந்துக்குள் அழுந்தலாம், தோட்டா வெடிக்கவும் கூடும். தட்டுபவரின் கை அப்போது குழலின் வாய்க்கு நேரே இருக்கும். சித்தப்பாவின் சார்ஜன்ட் கம்பியைத் தொடுவதற்கு முன்பு தோட்டாப் பெட்டியைக் கழற்றியதும், உள்ளே இருப்பது காலிக் கூடுதானா என்று எட்டிப் பார்த்ததும் வழக்கத்துக்காக அல்ல.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்ப அன்னிக்கு என் துப்பாக்கியில என்னதான்டா கோளாறு?” என்றார். மேலே சொன்ன காரணங்களில் எதுவாகவும் இருக்கலாம் என்றேன். சற்று யோசித்துவிட்டு, முந்தின நாள் மழையில் நனைந்த துப்பாக்கியைத் தான் சரியாகத் துடைக்கவில்லை என்று மெதுவாக ஒப்புக்கொண்டார். சார்ஜன்டிடம் அதை இன்று வரை சொல்லவில்லையாம்.

வீட்டில் செய்து பார்க்க

இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் சிக்கிக்கொண்டால் வலிந்து இழுக்காதீர்கள். உள் டம்ளரில் 5 பாகை ஐஸ் தண்ணீர், வெளி டம்ளரைச் சுற்றி 60 பாகை வெந்நீர். வெந்நீரைப் பெரியவர் ஒருவர் ஊற்றட்டும். எவர்சில்வரின் வெப்ப விரிவுக் குணகம் ஒவ்வொரு பாகைக்கும் பத்து லட்சத்தில் 17 பங்கு. சிக்கிய இடத்தில் விட்டம் 70 மில்லிமீட்டர். இரண்டு டம்ளர்களும் முழுதாக அந்த வெப்பநிலைகளை அடைகின்றன என்று வைத்துக்கொண்டால், கிடைக்கும் இடைவெளி எவ்வளவு என்று கணக்கிடுங்கள். 0.065 மில்லிமீட்டர் வர வேண்டும். வெந்நீரை உள்ளேயும் ஐஸ் தண்ணீரை வெளியேயும் மாற்றி ஊற்றினால் என்ன ஆகும்? அதைச் செய்து பார்க்க வேண்டாம், யோசித்தால் போதும். எங்கள் வீட்டில் அப்பா முதலில் அதைத்தான் செய்ய வந்தார்.